வால்ட் டிஸ்னி

வால்ட்டர் எலியாஸ் டிஸ்னி என்னும் முழுப்பெயர் கொண்ட வால்ட் டிஸ்னி (டிசம்பர் 5, 1901 – டிசம்பர் 15, 1966) அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த அசைவூட்டப்படக் கலைஞரும் திரைப்படத் தயாரிப்பாளரும் தொழில் முனைவோரும் ஆவார். மிக்கி மவுஸ் என்னும் உலகப் புகழ்பெற்ற கதைமாந்தரை அப் ஐவர்க்ஸ் என்னும் ஓவியருடன் இணைந்து உருவாக்கியவர் இவரே. போட்டிப் பிரிவுகளில் 22 ஆஸ்கார் விருதுகளை வென்றுள்ளார். தனியொருவர் பெற்ற விருதுகளில் இதுவே மிக அதிக எண்ணிக்கையாகும்.

1955 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் இவர் திறந்த டிஸ்னிலாந்து, தீம் பார்க் எனப்படும் கருப்பொருட் பூங்காக்களுக்கு முன்மாதிரியாக விளங்குகிறது. இத்தகைய பூங்காவில் ஒரு பகுதி முழுவதையும் ஒரே திரைப்படத் தொடருக்கு ஒதுக்கலாமா, அல்லது பல கதைகளுக்கு இடமளிக்கும் பரந்த கருத்தொன்றின் மீது அப்பகுதியை அமைக்க வேண்டுமா என்னும் விவாதம் 2010 ஆம் ஆண்டுக்குப் பின் வலுத்துள்ளது. டிஸ்னியின் வாழ்வும் பணியும் இவ்விவாதத்திற்கு அடிப்படைச் சான்றுகளாக அமைகின்றன.

பிறப்பும் இளமையும்

வால்ட் டிஸ்னி சிகாகோ நகரில் எலியாஸ் டிஸ்னி, ஃபுளோரா இணையரின் நான்காவது மகனாகப் பிறந்தார். தந்தை எலியாஸ் கனடாவில் பிறந்தவர். 1893 ஆம் ஆண்டு சிகாகோவில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியின் கட்டுமானப் பணியில் தச்சராக வேலை செய்தவர். 1906 இல் இக்குடும்பம் மிசூரி மாநிலத்தின் மார்சலின் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்து பண்ணையொன்றில் வாழ்ந்தது. அவ்வூரின் கடைத்தெருவும் அதன் வழியே சென்ற தொடர்வண்டியும் டிஸ்னியின் மனத்தில் நீங்காத இடம் பெற்றன.

1911 இல் குடும்பம் கேன்சஸ் சிட்டி நகருக்கு இடம்பெயர்ந்தது. அங்கு டிஸ்னியும் அவருடைய அண்ணன் ராயும் விடியற்காலையில் வீடுவீடாகச் செய்தித்தாள் போட்டனர். அந்நகரில் இருந்த எலெக்ட்ரிக் பார்க் என்னும் கேளிக்கைப் பூங்காவை டிஸ்னி சிறுவயதிலேயே கண்டிருந்தார். முதல் உலகப் போர் முடிவுற்ற வேளையில் செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவ ஊர்தி ஓட்டுநராகப் பிரான்சு சென்று, 1919 இல் நாடு திரும்பினார்.

திரைத்துறையில் நுழைவு

கேன்சஸ் சிட்டியில் விளம்பர ஓவியராகப் பணியாற்றியபோது டிஸ்னிக்கு அப் ஐவர்க்ஸின் நட்புக் கிடைத்தது. 1922 இல் தொடங்கிய லாஃப்-ஓ-கிராம் என்னும் படநிறுவனம் அடுத்த ஆண்டே நொடித்துப் போனது. அதன்பின் ஹாலிவுட் சென்ற டிஸ்னி, 1923 அக்டோபரில் அண்ணன் ராயுடன் சேர்ந்து டிஸ்னி பிரதர்ஸ் படநிறுவனத்தைத் தொடங்கினார். கலைப்பணி தம்பியின் பொறுப்பிலும் பண நிர்வாகம் அண்ணனின் பொறுப்பிலும் இருந்தன. 1925 இல் டிஸ்னி தம் நிறுவனத்தில் பணியாற்றிய லிலியன் பவுண்ட்ஸ் என்பவரை மணந்தார். இவர்களுக்கு டயான், ஷாரன் என இரு மகள்கள். இளையவரான ஷாரன் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவர்.

ஆஸ்வால்டும் மிக்கியும்

1927 இல் டிஸ்னியின் குழுவினர் ஆஸ்வால்ட் என்னும் முயலைக் கதைமாந்தராகக் கொண்டு குறும்படங்கள் தயாரித்தனர். படங்கள் வெற்றி பெற்றன. எனினும் ஆஸ்வால்டின் உரிமை படங்களை வெளியிட்ட யுனிவர்சல் நிறுவனத்திடம் இருந்தது. 1928 இல் கூடுதல் தொகை கேட்கச் சென்ற டிஸ்னி, கதைமாந்தரை மட்டுமன்றித் தம் ஓவியர்களில் பெரும்பாலோரையும் இழந்து திரும்பினார். இதற்குப் பின் தாம் படைக்கும் எதன் உரிமையையும் பிறரிடம் விட்டுக்கொடுப்பதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இவ்விழப்பை ஈடுசெய்ய உருவாக்கப்பட்டதே மிக்கி மவுஸ். நவம்பர் 18, 1928 அன்று நியூயார்க்கில் வெளியான ஸ்டீம்போட் வில்லி என்னும் படம், காட்சியோடு ஒலியை நுட்பமாக இணைத்திருந்ததால் பெரும் வரவேற்பைப் பெற்றது. சில ஆண்டுகளுக்குள் மிக்கியின் உருவம் பொம்மைகளிலும் கைக்கடிகாரங்களிலும் இடம்பெற்றது. ஒரு கதைமாந்தரைத் திரைக்கு வெளியேயும் வணிகப் பொருளாக்கும் முறை இவ்வாறு வளர்ந்தது.

மூன்று பன்றிக்குட்டிகள்

1933 இல் வெளியான மூன்று பன்றிக்குட்டிகள் என்னும் குறும்படம், பொருளாதாரப் பெருமந்தத்தால் வாடிய மக்களிடையே எதிர்பாராத வெற்றி கண்டது. படத்தை வெளியிட்டவர்கள் அதே பன்றிக்குட்டிகளைக் கொண்டு மேலும் படங்கள் வேண்டுமென வற்புறுத்தினர். டிஸ்னி தயக்கத்துடன் இசைந்தார். 1934, 1936, 1939 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தொடர்ச்சிகள் எவையும் முதற்படத்தின் வெற்றியை எட்டவில்லை. ஒரு வெற்றியை அதே பொருளைக் கொண்டு விஞ்ச முடியாது என்னும் கருத்துக்கு டிஸ்னி வந்தார். பிற்காலத்தில் தொடர்ச்சிப் படங்களைத் தவிர்க்க விரும்பியபோதெல்லாம் இப்பட்டறிவையே எடுத்துக்காட்டினார்.

முழுநீளப் படங்கள்

ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும் என்னும் முழுநீள வண்ணப்படம் டிசம்பர் 21, 1937 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. திரைத்துறையினர் பலர் இம்முயற்சி டிஸ்னியை அழித்துவிடும் எனக் கருதியிருந்தனர். மாறாக, படம் பெரும் பொருளீட்டியது. இதற்கென வழங்கப்பட்ட சிறப்பு ஆஸ்கார் விருதில் முழு அளவுச் சிலையொன்றும் ஏழு சிறு சிலைகளும் இருந்தன.

தொடர்ந்து பினோக்கியோ, ஃபேண்டசியா (1940), டம்போ (1941), பாம்பி (1942) ஆகியவை வெளிவந்தன. இரண்டாம் உலகப் போரால் ஐரோப்பியச் சந்தை மூடப்பட்டதும், 1941 இல் ஓவியர்கள் மேற்கொண்ட வேலைநிறுத்தமும் நிறுவனத்தைக் கடுமையாகப் பாதித்தன. வேலைநிறுத்தத்தின்போது டிஸ்னி நடந்துகொண்ட விதமும், 1947 இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் தம் முன்னாள் பணியாளர்கள் சிலரைப் பொதுவுடைமையாளர்கள் எனச் சாட்சியம் அளித்ததும் இன்றளவும் கண்டனத்திற்கு உள்ளாகின்றன. 1950 இல் வெளியான சிண்டரெல்லா நிறுவனத்தை மீண்டும் நிலைநிறுத்தியது.

பூங்கா எண்ணம்

டிஸ்னி தம் மகள்களை லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் உள்ள குடைராட்டினத்திற்கு அழைத்துச் செல்வது வழக்கம். பிள்ளைகள் மட்டும் விளையாட, பெற்றோர் ஓரமாக அமர்ந்திருக்கும் நிலையை மாற்றி, இருவரும் சேர்ந்து மகிழும் இடம் ஒன்று வேண்டும் என அவர் எண்ணினார்.

1948 இல் அவர் தம் படநிறுவனத்தின் எதிரில் இருந்த சிறு நிலத்தில் பூங்கா அமைப்பதற்கான குறிப்பொன்றை எழுதினார். அதற்கு அவர் கருதிய பெயர் மிக்கி மவுஸ் பார்க் என்பதாகும். அதாவது, தொடக்கத்தில் பூங்காவின் பெயரே ஒரு கதைமாந்தரைச் சார்ந்திருந்தது. எனினும் அக்குறிப்பிலேயே சிற்றூரின் கடைத்தெரு, நகரமன்றம், தொடர்வண்டி நிலையம் போன்ற பொதுவான இடங்களே மிகுதியாக விவரிக்கப்பட்டிருந்தன.

அதே ஆண்டில் சிகாகோவின் தொடர்வண்டிக் கண்காட்சியையும், ஹென்றி ஃபோர்டு அமைத்த கிரீன்ஃபீல்டு வில்லேஜ் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தையும் டிஸ்னி பார்வையிட்டார். பின்னர் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரிலுள்ள டிவோலி பூங்காவின் தூய்மையும் ஒழுங்கும் அவரைக் கவர்ந்தன. திட்டம் வளர வளர இடமும் பெயரும் மாறின. 1952 இல் பூங்காவை வடிவமைப்பதற்கெனத் தனி நிறுவனமொன்றைத் தொடங்கினார். அதற்கான பணத்திற்குத் தம் ஆயுள் காப்பீட்டின் மீதும் கடன் பெற்றார்.

1953 செப்டம்பரில் ஹெர்ப் ரைமன் என்னும் ஓவியர், டிஸ்னி விவரிக்க விவரிக்க, ஒரே வார இறுதியில் பூங்காவின் பெரிய வரைபடத்தை வரைந்து முடித்தார். ராய் அதனை நியூயார்க்கிற்கு எடுத்துச் சென்று முதலீடு திரட்டினார். ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் 5,00,000 டாலர் முதலீடு செய்ததுடன், 45,00,000 டாலர் வரையிலான கடனுக்கும் பொறுப்பேற்றது. அதற்கு ஈடாகப் பூங்காவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், டிஸ்னி தயாரிக்கும் வாராந்திர நிகழ்ச்சியும் அந்நிறுவனத்திற்குக் கிடைத்தன.

டிஸ்னிலாந்து

அனாஹைம் என்னும் ஊரில் ஆரஞ்சுத் தோப்புகளாக இருந்த 160 ஏக்கர் நிலத்தில் 1954 ஜூலையில் பணிகள் தொடங்கின. ஓராண்டிற்குள், ஏறத்தாழ 1.7 கோடி டாலர் செலவில், ஜூலை 17, 1955 அன்று பூங்கா திறக்கப்பட்டது. திறப்பு நாள் குழப்பங்கள் நிறைந்ததாக அமைந்தது. போலி நுழைவுச் சீட்டுகளால் கூட்டம் அளவு மீறியது. வெயிலில் புதிய தார்ச்சாலை இளகியது. குழாய்ப் பணியாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் போதவில்லை. ஆயினும் ஏழு வாரங்களுக்குள் பத்து இலட்சம் பேர் வந்து சென்றனர்.

பூங்கா ஐந்து பகுதிகளைக் கொண்டிருந்தது.

மெயின் ஸ்ட்ரீட்: 1900 ஆம் ஆண்டையொட்டிய அமெரிக்கச் சிற்றூரின் கடைத்தெரு.

அட்வென்சர்லாந்து: வெப்பமண்டலக் காடுகளும் ஆறுகளும். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இயற்கையாகவே அமைந்த நீர்வழிகளில் கிடைக்கும் படகுப் பயணம் போன்றதொன்று, இங்கு இயந்திர விலங்குகளுடன் செயற்கையாக அமைக்கப்பட்டது.

ஃபிரான்டியர்லாந்து: அமெரிக்க மேற்கு எல்லைப்புறக் குடியேற்றக் காலம்.

ஃபேண்டசிலாந்து: தேவதைக் கதைகளின் உலகம்.

டுமாரோலாந்து: 1986 ஆம் ஆண்டு எவ்வாறிருக்கும் என அன்று எண்ணிப் பார்த்த எதிர்காலம்.

பகுதியும் கதையும்

இவ்வைந்து பகுதிகளில் எதுவும் ஒரே படத்திற்கு உரியதாக அமைக்கப்படவில்லை. நிறுவனத்தின் அடையாளமான மிக்கிக்குக்கூடத் தனிப்பகுதி ஒதுக்கப்படவில்லை. ஃபேண்டசிலாந்தில் பீட்டர் பான், ஸ்னோ ஒயிட், ஆலிஸ், டம்போ ஆகிய கதைகளைச் சார்ந்த சவாரிகள் ஒரே முற்றத்தைப் பகிர்ந்துகொண்டன. கதை என்பது பகுதிக்குள் ஒரு வீடாக இருந்ததேயன்றி, பகுதி முழுவதும் ஒரு கதையின் உடைமையாக இருக்கவில்லை.

இவ்வமைப்பைச் சங்க இலக்கியத்தின் ஐந்திணைப் பகுப்போடு ஒப்பிட்டு நோக்கலாம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை ஆகிய திணைகள் ஒவ்வொன்றும் நிலம், பொழுது, பறவை, மரம் முதலியவற்றால் வரையறுக்கப்படுகின்றன. அகப்பாடல்களில் தலைவன், தலைவியின் இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. ஆகவே ஒரே திணையில் எண்ணற்ற பாடல்கள் அமைய இடமுண்டு. டிஸ்னிலாந்தின் பகுதிகளும் இடத்தாலும் காலத்தாலும் வரையறுக்கப்பட்டனவேயன்றிக் கதைமாந்தரின் பெயரால் அல்ல.

எனினும் டிஸ்னி தம் திரைப்படங்களைப் பூங்காவிலிருந்து விலக்கி வைத்தார் எனக் கொள்வது பிழையாகும். பூங்காவின் நடுவிலுள்ள கோட்டைக்கு, 1959 இல்தான் வெளியான உறங்கும் அழகி படத்தின் பெயரை 1955 ஆம் ஆண்டே சூட்டினார். பூங்காவின் பகுதிகளையே தலைப்புகளாகக் கொண்ட அவரது தொலைக்காட்சி நிகழ்ச்சி 1954 அக்டோபர் முதல் ஒளிபரப்பாகி, திறப்பு விழாவுக்கு முன்பே பூங்காவை வீடுதோறும் அறிமுகப்படுத்தியது.

அந்நிகழ்ச்சியில் 1954 டிசம்பரில் ஒளிபரப்பான டேவி கிராக்கெட் கதை நாடெங்கும் பெரும் மோகத்தை உருவாக்கியது. சிறுவர்கள் கிராக்கெட்டைப் போல ரக்கூன் தோல் தொப்பி அணிந்து திரிந்தனர். ஃபிரான்டியர்லாந்தில் அவர் பெயரில் காட்சியகம் ஒன்றும் வைக்கப்பட்டது. ஆனால் அம்மோகம் வந்த வேகத்திலேயே தணிந்தது. பகுதியின் பெயர் கிராக்கெட்டைச் சார்ந்திராததால் அது பாதிப்படையவில்லை. 1956 இல் அங்கு டாம் சாயர் தீவும், 1979 இல் பிக் தண்டர் மவுன்டன் என்னும் மலைத் தொடர்வண்டிச் சவாரியும் சேர்க்கப்பட்டன.

இறுதி ஆண்டுகளும் மறைவும்

1963 இல் திறக்கப்பட்ட டிக்கி அறையில் இயந்திரப் பறவைகள் பாடின. 1964 ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக டிஸ்னியின் குழுவினர் நான்கு காட்சிகளை உருவாக்கினர். அவற்றுள் இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு என்னும் படகுச் சவாரியும் ஒன்று. டிக்கி அறையோ இந்தப் படகுச் சவாரியோ எந்தத் திரைப்படத்தையும் தழுவியதன்று. அதே ஆண்டில் மேரி பாப்பின்ஸ் திரைப்படம் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது.

ஃபுளோரிடாவில் ஏறத்தாழ 27,000 ஏக்கர் நிலத்தை நிறுவனம் மறைமுகமாக வாங்கியது. 1965 நவம்பரில் அங்கு அமையவிருந்த திட்டம் அறிவிக்கப்பட்டது. அங்கு எப்காட் என்னும் சோதனை நகரத்தை அமைப்பது டிஸ்னியின் கனவாக இருந்தது. ஆனால் நுரையீரல் புற்றுநோயால் டிசம்பர் 15, 1966 அன்று தமது 65 ஆம் வயதில் அவர் காலமானார். ஓய்வுபெற எண்ணியிருந்த ராய் பணியைத் தொடர்ந்து, அக்டோபர் 1, 1971 அன்று ஃபுளோரிடாப் பூங்காவைத் தம்பியின் முழுப்பெயரால் வால்ட் டிஸ்னி வேர்ல்டு எனத் திறந்து வைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவரும் மறைந்தார்.

டிஸ்னி நேரடியாக மேற்பார்வையிட்ட கடைசிச் சவாரிகளுள் ஒன்றான கரீபியக் கடற்கொள்ளையர் சவாரி, அவர் மறைந்து மூன்று மாதங்களுக்குப் பின் 1967 மார்ச்சில் திறக்கப்பட்டது. எப்படத்தையும் சாராத அச்சவாரியைக் கொண்டு 2003 இல் திரைப்படம் தயாரிக்கப்பட்டு, அது புகழ்பெற்ற தொடராக வளர்ந்தது. 2006 இல் அப்படத்தின் நாயகனான ஜாக் ஸ்பாரோவின் உருவம் சவாரிக்குள் சேர்க்கப்பட்டது.

உலக அளவில் தாக்கம்

டோக்கியோ (1983), பாரிசு (1992), ஹாங்காங் (2005), ஷாங்காய் (2016) ஆகிய இடங்களில் டிஸ்னி பூங்காக்கள் திறக்கப்பட்டன. இந்தியாவிலும் கேளிக்கைப் பூங்காக்கள் பல தோன்றின. தமிழ்நாட்டில் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா பூங்காவை நிறுவியவர் மலையாளத் திரைப்படத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன் ஆவார். இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமான மை டியர் குட்டிச்சாத்தான் (1984) இவர் தயாரித்ததே. ஆயினும் தம் வெற்றிப்படத்தின் பெயரைச் சூட்டாமல், இராமாயணத்தில் வரும் வானரர் நாட்டின் பெயரையே பூங்காவிற்குச் சூட்டினார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஒற்றைக் கதைப் பகுதிகளும் விவாதமும்

2010 ஜூனில் ஃபுளோரிடாவிலுள்ள யுனிவர்சல் நிறுவனத்தின் பூங்காவில் ஹாரி பாட்டர் கதையுலகம் தனிப்பகுதியாகத் திறக்கப்பட்டது. அப்பூங்காவின் வருகையாளர் தொகை பெருமளவு உயர்ந்தது. தொடர்ந்து டிஸ்னி நிறுவனம் கலிபோர்னியாவில் 12 ஏக்கரில் கார்ஸ் பகுதியையும் (2012), ஃபுளோரிடாவில் அவதார் படத்தைச் சார்ந்த பண்டோராவையும் (2017), இரு மாநிலங்களிலும் தலா 14 ஏக்கரில் ஸ்டார் வார்ஸ் பகுதிகளையும் (2019) திறந்தது. 2023 இல் ஹாங்காங்கில் ஃபுரோசன் பகுதியும் ஷாங்காயில் சூடோப்பியா பகுதியும் திறக்கப்பட்டன.

இம்முறையை ஆதரிப்போர், பார்வையாளர் கதைக்குள்ளேயே நடமாடும் அனுபவத்தை இது தருகிறது என்பர். கடை, உணவு, கட்டடம், பணியாளரின் உடை ஆகிய அனைத்தும் ஒரே கதையுலகைச் சேர்ந்தனவாக இருப்பதால் ஈடுபாடு ஆழமாகிறது. பெருந்தொகை முதலீடு செய்யும் நிறுவனத்திற்கு, மக்கள் ஏற்கெனவே அறிந்து விரும்பும் பெயர் இழப்பு நேராமல் காக்கும் உறுதியாகவும் அமைகிறது. தொலைக்காட்சியின் துணையுடன் பூங்காவை வளர்த்த டிஸ்னியும் அவ்வலிமையை அறிந்தவரே என்பது இவர்கள் வாதம்.

எதிர்ப்போர் மூன்று குறைகளைச் சுட்டுவர். முதலாவது, அக்கதையை அறியாதவருக்கு அப்பகுதி அந்நியமாகிவிடும். கடைத்தெருவும் காடும் கோட்டையும் எவருக்கும் விளங்கும். ஒரு படத்தின் கற்பனை ஊர் அவ்வாறு விளங்குவதில்லை. இரண்டாவது, கதையின் புகழ் மங்கினால் ஒரு சவாரியை மட்டும் மாற்ற இயலாது, பகுதி முழுவதையும் மாற்ற நேரிடும். 1946 ஆம் ஆண்டுப் படமொன்றைச் சார்ந்த ஸ்பிளாஷ் மவுன்டன் சவாரி, அப்படத்தின் இனவாதச் சித்திரிப்புக் காரணமாக 2023 இல் மூடப்பட்டு, அடுத்த ஆண்டு வேறொரு கதையுடன் திறக்கப்பட்டபோது, அதனைச் சூழ்ந்த பகுதியை இடித்துக் கட்ட வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது, அறிந்த பெயர்களுக்கே இடமெல்லாம் ஒதுக்கப்படின், கடற்கொள்ளையர் சவாரி போன்ற புதுப்படைப்புகள் தோன்ற வாய்ப்புக் குறையும்.

உரிமைச் சிக்கலும் இதனோடு தொடர்புடையது. மார்வெல் நிறுவனத்தை டிஸ்னி நிறுவனம் 2009 இல் வாங்கிய போதிலும், முன்னரே செய்யப்பட்ட ஒப்பந்தத்தின்படி, 1999 இல் திறக்கப்பட்ட மார்வெல் வீரர்கள் பகுதி ஃபுளோரிடா யுனிவர்சல் பூங்காவிலேயே நீடிக்கிறது. ஒரு கதைமாந்தரின் உரிமை எவரிடம் உள்ளது என்பது பூங்காவின் நில அமைப்பையே முடிவு செய்யக்கூடும் என்பதற்கு இது சான்று. டிஸ்னி 1928 இல் இழந்த ஆஸ்வால்ட் முயலின் உரிமை, அவர் மறைந்து 40 ஆண்டுகளுக்குப் பின், 2006 இல்தான் அவரது நிறுவனத்திற்குத் திரும்பியது.

பரந்த கருத்தின் மீது அமைந்த பகுதிகளும் மாற்றத்திற்கு விலக்கல்ல. ஃபுளோரிடாப் பூங்காவின் ஃபிரான்டியர்லாந்தில் 1970களிலிருந்து இருந்துவந்த ஆறும் டாம் சாயர் தீவும், கார்ஸ் படத்தைச் சார்ந்த சவாரிகளுக்கு இடமளிக்க 2025 ஜூலையில் மூடப்பட்டன. மறுபுறம், அனாஹைம் டிஸ்னிலாந்தின் சவாரிகளும் கதைகளும் பலமுறை மாறியபோதிலும், 1955 இல் திறக்கப்பட்ட ஐந்து பகுதிகளும் 70 ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே பெயர்களுடன் நிலைத்துள்ளன.